கால்வாய்ப் படகுப் பேரணி எதற்காக? படகில்லாதவர் போகலாமா?

மகன் வீட்டுக்கு இங்கிலாந்து வந்திருக்கும் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது: "காலையில் நடக்கப் போகும் கால்வாய்க் கரையில் ஒரு சனிக்கிழமை திடீரென்று எண்பது, தொண்ணூறு படகுகள் வரிசை கட்டி நின்றன. தோரணம், வாத்தியம், சிற்றுண்டிக் கடை, நடுவில் கையெழுத்து இயக்கம். இது திருவிழாவா, போராட்டமா? படகில்லாத நாங்கள் கலந்துகொள்ளலாமா? பொழுதுபோக்குக்காரர்களின் கால்வாய்க்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? நம் பக்கிங்ஹாம் கால்வாயில் இப்படி ஒன்று நடத்த முடியுமா?"

பர்மிங்ஹாம் பக்கம் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். கோடையில் வாரம் ஒரு நாள் லாக் என்ற நீர்க்கதவுத் தொட்டி ஒன்றில் தொண்டராக நின்று படகுகளை ஏற்றி இறக்குகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நீங்கள் பார்த்தது திருவிழாவும்தான், போராட்டமும்தான். ஆனால் அதன் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. கால்வாயில் படகு போக வேண்டும். போகாவிட்டால் அது நீர்வழி என்ற தகுதியை இழக்கும், பிறகு மண்மூடும், பிறகு அதன்மேல் சாலை வரும். பேரணி என்பது நூறு படகுகள் சேர்ந்து ஒரே வாரத்தில் ஒரு கால்வாயைப் பயன்படுத்திக் காட்டுவது. வாத்தியமும் தோரணமும் அதற்கு அப்புறம் வந்து சேர்ந்தவை.

இதை விளங்கிக்கொள்ள அந்தப் படகின் உருவத்திலிருந்து தொடங்க வேண்டும். நேரோபோட் என்ற அந்தப் படகின் அகலம் ஏறக்குறைய 7 அடிதான். நீளமோ 70 அடி வரை போகும். ரயில் பெட்டியை இன்னும் ஒடுக்கித் தண்ணீரில் விட்டதுபோல இருக்கும். இந்த அளவைத் தீர்மானித்தது 18ஆம் நூற்றாண்டின் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியின் கணக்கு. 1761இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுவந்தது. அங்கே நிலக்கரி விலை பாதியாகக் குறைந்தது. உடனே நாடெங்கும் கால்வாய் வெட்டும் ஆசை பிறந்தது. குன்றுகள் நிறைந்த இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லாக்குகளையும் சுரங்கப்பாதைகளையும் அகலமாகக் கட்டினால் பணமும் போகும், தண்ணீரும் போகும். அதனால் பிரிண்ட்லி லாக்குகளை ஒடுக்கமாகக் கட்டினார். படகுகள் லாக்குக்குத் தக்கபடி ஒடுங்கின. கரைப்பாதையில் நடந்த ஒரு குதிரை, நீரில் மிதக்கும் 25 டன் சரக்கை இழுத்துச் சென்றது. அதே குதிரை மண்சாலையில் இரண்டு டன் இழுக்கவே திணறும்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலேயிருந்து தண்ணீரை விட்டால் படகு தானாக உயரும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கையில் ஓர் இரும்புத் திருகுகோல், இடுப்பில் கொஞ்சம் பலம் இருந்தால் போதும். ஒருமுறை நிரப்பி இறக்கினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மழை பொய்த்த கோடையில் பேரணிகள் ஏன் தள்ளிப்போகின்றன, இரண்டு படகு கொள்ளும் அகலமான லாக்கில் அறிமுகமே இல்லாத இருவர் ஏன் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சேர்ந்து போகிறார்கள் என்பதற்கெல்லாம் காரணம் இதுதான்.

1830களுக்குப் பிறகு ரயில் வந்தது. பல கால்வாய்களை ரயில் நிறுவனங்களே வாங்கிப்போட்டன. வாங்கியவர்களுக்குக் கால்வாய் செழிக்க வேண்டிய அவசியம் இல்லை. படகோட்டிக் குடும்பங்கள் கரையில் இருந்த வீட்டை விட்டுவிட்டுப் படகின் பின்பகுதியில் பத்தடி நீள அறைக்குள் குடியேறின. சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்ளேதான். ரோஜாவும் கோட்டையும் வரைந்த கதவுகளையும் நீர்க்குடங்களையும் பேரணியில் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காகப் பிறகு சேர்த்தவை அல்ல, அந்தக் குடும்பங்கள் விட்டுச்சென்ற கலை. நான் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பத்தடியை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கால்வாய்கள் பாதி செத்திருந்தன. எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் கிரெஸ்ஸி என்ற பழைய படகை வீடாக்கி 1939இல் மனைவியோடு கால்வாய்ப் பயணம் போனார். 1944இல் அதைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதைப் படித்த ராபர்ட் ஐக்மேன் என்ற எழுத்தாளர் அவருக்குக் கடிதம் எழுதினார். டார்ட்பிக் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். அடுத்தடுத்து 30 லாக்குகள் ஏறும், பிரிட்டனிலேயே மிக நீளமான லாக் வரிசை அங்கே இருக்கிறது. 1946இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் பிறந்தது. நீங்கள் பார்த்தது போன்ற பேரணிகளில் பலவற்றை இன்றும் நடத்துவது அந்தச் சங்கமும் அதன் கிளைகளும்தான்.

சங்கத்தின் முதல் சண்டை ஒரு பாலத்தோடு. பர்மிங்ஹாமின் தெற்கே கிங்ஸ் நார்ட்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் குறுக்கே ஒரு தூக்குப்பாலம் இருந்தது. போர்க்காலத்தில் அது சேதமடைந்தபோது கால்வாயின் சொந்தக்காரரான கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அசையாத பாலம் ஒன்றைத் தாழ்வாகப் போட்டுவிட்டது. அதன் அடியில் எந்தப் படகும் போக முடியாது. ஆனால் அந்தக் கால்வாயில் படகு செலுத்தும் உரிமையைச் சட்டம் பொதுமக்களுக்குக் கொடுத்திருந்தது. சட்டத்தை யாரும் திருத்தவில்லை, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ரோல்ட் சண்டை போடவில்லை. "இன்ன நாளில் நான் படகோடு வருகிறேன், வழிவிடுங்கள்" என்று எழுதி அனுப்பினார். இந்த விவகாரம் பிரபுக்கள் சபை வரை போனது. அறிவிப்புக் கொடுத்தால் பாலம் தூக்கப்படும் என்று பதில் வந்தது. 1947 மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கினார்கள். கிரெஸ்ஸி மெல்ல அடியில் நுழைந்து போனது. பிறகு சங்கத்தார் மற்றவர்களையும் அதே வழியில் வரச் சொன்னார்கள். ஒவ்வொரு படகுக்கும் பாலத்தைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போகும் வரை அறிவிப்பு கொடுப்பது என்பது திட்டம். கடைசியில் முறையாகத் திறக்கும் பாலம் கட்டப்பட்டது.

பேரணியின் விதை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். கோஷம் போடுவதைவிட, உரிமை இருக்கிற இடத்தில் படகைக் கொண்டுபோய் நிறுத்துவது பலமானது.

1950 ஆகஸ்டில் லெஸ்டர்ஷயரின் மார்க்கெட் ஹார்பரோ என்ற சிற்றூரில் முதல் தேசியப் பேரணி நடந்தது. அந்த ஊர் ஒரு கிளைக் கால்வாயின் முனையில் இருக்கிறது. தெற்கேயிருந்து வந்த படகுகள் ஃபாக்ஸ்டன் லாக்குகளில் இறங்கி வர வேண்டும். ஐந்தைந்தாக இரண்டு படிக்கட்டு, மொத்தம் பத்து லாக், 75 அடி இறக்கம். ஒரு லாக்கின் கீழ்க்கதவே அடுத்த லாக்கின் மேல்கதவு. இரண்டு படிக்கட்டுக்கும் நடுவில் படகுகள் விலகிப்போகும் இடத்தைத் தவிர வேறெங்கும் நிற்க இடமில்லை. எந்தத் தடங்கலும் இல்லாமல் இறங்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அப்படியிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் வந்து சேர்ந்தன. சரக்குப் படகுகள் வந்தன, ராணுவ உபரியை வாங்கி ஒட்டுப்போட்டவை வந்தன, லைஃப்போட்டுக்கு மேல் தகரக் கூரை வைத்தவையும் வந்தன. பெட்ரோல் பங்கீடு நீங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய 50,000 பேர் என்று சொல்லப்படுகிறது. செத்துப்போனது என்று அதிகாரிகள் எழுதிவைத்த ஒன்றைப் பார்க்க அத்தனை பேர் வந்தார்கள்.

இதில் ஒரு வருத்தமான பகுதியும் உண்டு. அந்தச் சமயத்திலேயே ரோல்ட்டுக்கும் ஐக்மேனுக்கும் மனக்கசப்பு முற்றியிருந்தது. ஒரு கால்வாயைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது, எல்லாம் வேண்டும் என்றார் ஐக்மேன். சரக்கு ஏற்றிப் பிழைக்கும் படகோட்டிகளுக்குப் பயன்படும் வழிகளை முதலில் காப்பாற்றுவோம் என்றார் ரோல்ட். ஹார்பரோவுக்கு வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் ரோல்ட் வந்தார். 1951இல் அவர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் சோர்ந்து உட்காரவில்லை. வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன ரயில்பாதையைத் தொண்டர்களைக் கொண்டே ஓட்டிக் காட்டினார். உலகில் தொண்டர்கள் காப்பாற்றிய முதல் ரயில்பாதை அதுதான். யார் சொன்னது சரி என்று இன்றும் படகுக்காரர்கள் வாதிடுவார்கள். வரலாறு ஐக்மேன் பக்கம் சாய்ந்தது: இன்று உல்லாசப் படகுகள் நிறைந்திருக்கும் பல கால்வாய்கள் ரோல்ட்டின் பட்டியலில் இருந்திருக்காது. ஆனால் ரோல்ட் அஞ்சியதும் நடந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோனதும் ஒடுங்கிய படகுகளின் சரக்குத் தொழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்தக் குடும்பங்கள் கரையேறின. அவர்களுக்காகப் பேச எந்தப் பேரணியும் நேரத்தில் வரவில்லை என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

ஒரு டிக்கெட் ஒரு கால்வாயைக் காப்பாற்றிய கதையையும் சொல்ல வேண்டும். அதே ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் தென்பகுதி, 13 மைல் நீளம், லாக்குகள் இடிந்து புதர் மண்டிக் கிடந்தது. 1958இல் வார்விக்‌ஷயர் கவுண்டி கவுன்சில் அதைச் சட்டப்படி கைவிட அனுமதி கேட்டது. கைவிட்டால் அதன் மேல் பாலங்களைத் தாழ்வாக, மலிவாகக் கட்டலாம். அதற்கு ஒரு நிபந்தனை: மூன்று ஆண்டுகளாக யாரும் அந்த வழியைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. யாருமே போகவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் சிறு துடுப்புப் படகுக்காரர்கள் அந்தக் கால இடைவெளிக்குள் சுங்கம் கட்டி அங்கே போயிருந்தார்கள். தேதி போட்ட ரசீது கையில் இருந்தது. விண்ணப்பம் தோற்றது. பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கால்வாயைக் குத்தகைக்கு எடுத்தது. டேவிட் ஹட்சிங்ஸ் என்ற இளைஞர் முன்னால் நிற்க, தொண்டர்கள், ராணுவத்தினர், பர்மிங்ஹாம் சிறைக் கைதிகள் எல்லாரும் சேற்றில் இறங்கினார்கள். 36 லாக்குகளையும் சீராக்கினார்கள். 1964 ஜூலை 11 அன்று ராணித் தாயார் வந்து திறந்துவைத்தார். யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகத் துடுப்புப் போட்டதன் பலன் இது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, உபயோகமில்லாத கால்வாயில் வேண்டுமென்றே போய்வரும் படகுக்காரர்களை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

பேரணிக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் இந்தத் தந்திரம் எப்போதும் இருந்திருக்கிறது. அழகான இடத்தைத் தேடிப் போகமாட்டார்கள், ஆபத்தில் இருக்கும் இடத்துக்குப் போவார்கள். 1962இல் ஸ்டவர்பிரிட்ஜில் பேரணி அறிவித்தபோது அந்தக் கிளைக் கால்வாய் தூர்ந்து கிடந்தது. கால்வாய்களை அப்போது நடத்திய அரசு நிர்வாகம் தூர்வார மறுத்தது. தொண்டர்களே இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வாரினார்கள். நீதிமன்ற மிரட்டல் வந்தும் நிறுத்தவில்லை. படகுகள் வந்துவிட்டன, கூட்டம் வந்துவிட்டது, பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதன் பிறகு யார் வழக்குப் போடுவது? சில ஆண்டுகளில் அதே நிர்வாகத்தின் வாரிசு அமைப்பு, அந்தப் பக்கத்துச் சங்கத்தோடு கைகோத்து ஸ்டவர்பிரிட்ஜின் பதினாறு லாக்குகளையும் பழுதுபார்த்தது. மான்செஸ்டரின் ஆஷ்டன் கால்வாயில் 1972இல் ஒரே வார இறுதியில் ஆயிரம் பேர் அளவுக்குக் கூடிக் குப்பை வாரினார்கள். இரண்டு ஆண்டில் அதிலும் படகு போனது.

இனி, பேரணி எப்படி நடக்கிறது என்பது. வெளியிலிருந்து பார்த்தால் படகுகள் வந்து நின்றுவிட்டன என்று தோன்றும். உள்ளே பல மாத வேலை இருக்கிறது. எந்தப் படகு எத்தனை அடி, எவ்வளவு ஆழம் மூழ்கும் என்று பட்டியல் எடுத்து, கரையில் அடி அடியாக அளந்து இடம் ஒதுக்குவார்கள். 70 அடிப் படகு கால்வாயின் குறுக்கே திரும்ப முடியாது. அதற்கென்று வெட்டிய அகலமான இடங்கள் சில மைலுக்கு ஒன்றுதான் உண்டு. ஆகவே எந்த வரிசையில் வருவது, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதை முன்பே தீர்மானிக்காவிட்டால் கடைசி நாளில் எல்லாரும் சிக்கிக்கொள்வார்கள். இடம் போதாவிட்டால் ஒரு படகின் தோளில் அடுத்த படகு என்று இரண்டு மூன்றாகக் கட்டுவார்கள். வெளிப்படகுக்காரர் உள்படகின் முன்தளத்தைக் கடந்துதான் கரைக்கு வர வேண்டும். அதனால் முன்பின் தெரியாதவர்கள்கூட முதல் நாள் மாலைக்குள் ஒருவர் வீட்டுச் சமையலை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். குடிநீர்க் குழாய், கழிவு இறக்கும் இடம், குழந்தைகள் தண்ணீரில் விழாமல் பார்க்க ஆள், இரவுக் காவல் எல்லாம் தொண்டர்கள் பொறுப்பு.

நிகழ்ச்சிகளில் நான் தவறவிடாதவை இரண்டு. ஒன்று, படகு செலுத்தும் போட்டி. 15 டன்னுக்கும் அதிக எடையுள்ள இரும்பை, பின்னால் நின்று ஒற்றைச் சுக்கான் கழியால் திருப்பிக் கழிகளுக்கு நடுவே பின்னோக்கி ஓட்ட வேண்டும். இந்தப் படகுகளுக்குப் பிரேக் கிடையாது. பின்னோக்கி ஓடும்போது சுக்கான் ஏறக்குறைய பேச்சே கேட்காது. வேகமாய்ச் செய்பவர் தோற்பார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அரை நிமிடம் சும்மா நிற்பவர்தான் வெல்வார். இன்னொன்று, இரவில் விளக்கேற்றிய படகு ஊர்வலம். நம் ஊர்த் தெப்பத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நீரில் விழும் வெளிச்சம் நெஞ்சைத் தொடும். லண்டன் லிட்டில் வெனிஸில் 1983 முதல் மே மாத வங்கி விடுமுறையில் நடந்துவந்த கெனால்வே கேவல்கேட் விழாவில் பலர் முதல்முறையாக இதைப் பார்த்திருப்பார்கள்.

பரிசுகளில் எனக்குப் பிடித்தது, பேரணிக்கு வந்து சேர்ந்த பயணத்துக்கே கொடுக்கும் பரிசு. எந்தெந்தக் கால்வாய் வழியாக வந்தார்கள், எத்தனை லாக் கடந்தார்கள், எங்கே தரைதட்டினார்கள், எந்தக் கதவு திறக்க மறுத்தது என்று நாட்குறிப்பு எழுதிக் கொண்டுவர வேண்டும். கால்வாயின் உடல்நலத்தைப் பற்றி இதைவிட நேர்மையான அறிக்கையை எந்த அலுவலகமும் எழுதாது. பர்மிங்ஹாமில் ஆண்டுதோறும் வேறொரு கூட்டுப் பயணம் நடக்கிறது. 24 மணி நேரம் படகோட்டி, நகரின் சந்துபொந்துக் கால்வாய்களில் போய் மதிப்பெண் சேர்க்க வேண்டும். யாரும் போகாத கிளைகளுக்கு மதிப்பெண் அதிகம். அங்கே தொழிற்சாலைகளின் பின்சுவர்களும் நாணலும் தவிர ஒன்றும் இல்லை. ஒருமுறை நண்பரின் படகில் போனபோது நீருக்கடியில் படகை உந்தும் விசிறி ஐந்து முறை சிக்கியது. எஞ்சினை நிறுத்தி, பின்தளத்தின் மூடியைத் திறந்து, குளிர்ந்த நீரில் தோள்வரை கையைவிட்டு அறுத்தெடுக்க வேண்டும். மெத்தைக் கம்பி, நெகிழிக் கயிறு, கடைசியில் ஒரு முழு நீளச் சேலை. கையில் அந்தச் சரிகை விளிம்பு தட்டியபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் நாங்கள் ஐந்து முறை நின்றதால்தான் பின்னால் வந்த படகு நிற்காமல் போனது.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அரசு மானியம் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி பவுண்ட். மீதி, உரிமக் கட்டணம், சொத்து வருமானம், நன்கொடை. 2027 முதல் பத்தாண்டுக்கு மொத்தம் 40 கோடி பவுண்ட் என்று 2023இல் அரசு அறிவித்தது. விலைவாசி ஏறுவதைச் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய வெட்டு. அந்த ஆண்டு நவம்பரில் படகுகள் தேம்ஸில் நாடாளுமன்றத்தைக் கடந்து ஊர்வலம் போனது இதற்காகத்தான். நீங்கள் பார்த்த கையெழுத்து இயக்கமும் அநேகமாக இதையொட்டியதாக இருக்கும்.

"படகுக்காரர்களின் பொழுதுபோக்குக்கு என் வரி எதற்கு" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இதை நீங்கள் கேட்டது காலை நடை போகும் கால்வாய்க் கரையில் இருந்து. கால்வாயில் இறங்குகிறவர்களைவிட அதன் கரையில் நடப்பவர்கள்தான் மிக மிக அதிகம், அவர்கள் கட்டணம் எதுவும் கட்டுவதில்லை. இருநூறு ஆண்டு பழைய மண்கரைகளும் நீர்த்தேக்கங்களும் வெள்ளநீரை வடிக்கும் மதகுகளும் இதோடு சேர்ந்தவை. கால்வாயை மூடிவிட்டாலும் இவற்றைப் பராமரிக்காமல் விட முடியாது. கரை உடைந்தால் படகு இல்லாத வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். படகு ஓடினால் கதவு திறக்கிறது, கசிவு கண்ணில் படுகிறது, தூர் தெரிகிறது. ஓடாவிட்டால் உடையும் வரை யாருக்கும் தெரியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேரணிகளுக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் ஓய்வுபெற்ற வெள்ளையர்கள். கரையோரத்தில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவும் ஆண்டு முழுவதும் அந்தக் கரையில் நடந்தும் பேரணிக் கூடாரத்துக்குள் கால்வைத்ததில்லை. வீட்டு வாடகை கட்ட முடியாமல் படகிலேயே குடியிருக்கும் இளைஞர்களை விழாக்காரர்களில் சிலர் அசட்டையாகப் பார்ப்பதும் உண்டு. 1950களில் படகோட்டிக் குடும்பங்களை மறந்த தவறு இன்னொரு வடிவில் திரும்புகிறதோ என்று எனக்குக் கவலை இருக்கிறது.

பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வருவோம். அது ஆற்றுநீர்ப் பாசனக் கால்வாய் அல்ல, படகுக்காகவே வெட்டியது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கினார்கள். தாது வருடப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்கு நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே வெட்டி இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் வந்தது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை உப்பும் விறகும் நெல்லும் அதில் போயின. லாக்குகளும் இருந்தன. இங்கிலாந்தில் ரோல்ட் செய்ததை நாம் செய்யாத காலத்தில், சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் நடுவிலேயே எழுந்துவிட்டன.

நடத்த முடியுமா? நகருக்குள் இப்போது முடியாது. சாக்கடை கலப்பது நிற்காமல் மக்களை அந்த நீருக்குப் பக்கத்தில் கூட்டுவது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. ஆனால் தெற்கே, கோவளத்தைத் தாண்டி மரக்காணம் போகும் நீட்சியில் இன்றும் தண்ணீர் அகலமாகக் கிடக்கிறது, அங்கே மீனவர் படகு போகிறது. தொடங்கினால் அங்கே, அந்த மீனவர்களைக் கேட்டு, அவர்கள் படகிலேயே தொடங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வண்ணப் படகோடு போய் இறங்கினால் அது ஒருநாள் விழாவோடு முடிந்துவிடும். பத்துப் படகு போதும். எந்தப் பாலத்தின் அடியில் தலை இடித்தது, எங்கே தரைதட்டியது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருந்தது என்று தேதி போட்டு எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அந்தத் தாளோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம். தேசிய நீர்வழி எண் 4இல் இந்தக் கால்வாய் சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டப்படி அது இன்னும் நீர்வழிதான்.

கடைசியாக, படகில்லாத நீங்கள். தாராளமாகப் போகலாம். பல பேரணிகளுக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது. சனிக்கிழமை மதியக் கூட்டத்தில் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை படகுகள் வந்து சேரும் நேரத்தில் பக்கத்து லாக்குக்குப் போங்கள். கையில் திருகுகோலோடு நிற்பவரிடம் "உதவட்டுமா" என்று கேளுங்கள். மறுப்பவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொல்லாமல் எதையும் திறக்காதீர்கள். படகு இறங்கும் லாக்கில் மேற்கதவின் அடியில் ஒரு கல்திண்டு உண்டு, அதன் எல்லையை வெள்ளைக்கோடு காட்டும். முதல் கோடையில் என் கண்ணெதிரே ஒரு படகின் பின்பகுதி அந்தத் திண்டில் உட்கார்ந்துவிட்டது. முன்பகுதி மட்டும் நீரோடு இறங்கியது. உள்ளே பாத்திரங்கள் சரிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கீழ் மதகை உடனே அடைத்து, மேல் மதகை மெதுவாகத் திறந்து நீரைத் திரும்ப ஏற்றியதால் படகு தப்பியது. ஆகவே இறங்கும்போது கண் எப்போதும் படகின் பின்பகுதியில் இருக்கட்டும்.

கதவைத் தள்ளச் சொன்னால், நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து, தரையில் பதித்திருக்கும் செங்கல் வரிசையில் குதிகாலை ஊன்றி, கால்களால் தள்ளுங்கள். கையால் தள்ளினால் அசையாது. இரண்டு பக்கமும் நீர் சமமாகும் வரை யார் தள்ளினாலும் அசையாது. சமமான அந்த நொடியில் கதவு தானே இளகுவது முதுகில் தெரியும்.